பச்சை நூல் கோட்டு

அந்த லாண்டரியில் ஆட்களுக்குப் பெயர் கிடையாது, நூல்தான். சட்டையோ கோட்டோ கடைக்குள் வந்ததும் காலரின் உள்பக்கம் ஊசியால் இரண்டு தையல் போட்டு, ஆளுக்கொரு நிறத்தில் நூல் விட்டுவிடுவார்கள். சீட்டு ஒட்டினால் தண்ணீரில் நைந்துபோகும். மையால் எழுதினால் வெந்நீரில் ஊறிப் பக்கத்துத் துணிக்குத் தாவும். நூல் ஒன்றுதான் மெஷினின் சுழற்சியையும் இஸ்திரியின் சூட்டையும் தாங்கிக்கொண்டு, நான் இன்னாருடையது என்று கடைசி வரை சொல்லும். நாளாவட்டத்தில் நூலே பெயராகிவிட்டது. "சிவப்பு நூலை ரெண்டு நாளா காணோமே, உடம்பு சரியில்லையா?" என்பார் கடைக்காரர். கேட்கிறவர்களுக்கும் அது விநோதமாகப் படுவதில்லை.

மெஷின்கள் கடைக்காரரின் பொறுப்பு. கறை அவர் மனைவியின் பொறுப்பு. தெருவே அவளைக் கறையக்கா என்றுதான் கூப்பிட்டது. கறையும் அழுக்கும் ஒன்று என்று யாராவது சொல்லிவிட்டால் அவளுக்குப் பொறுக்காது. "அழுக்கு துணி மேல வந்து உட்கார்ந்திருக்கிற விருந்தாளி. ரெண்டு தட்டு தட்டினா எழுந்து போயிடும். கறை உள்ளே குடி வந்துட்ட ஆளு. கிளப்பணும்னா அவன் யாருன்னு தெரியணும்" என்பாள். ரத்தமும் முட்டையும் என்றால் பச்சைத் தண்ணீர். வெந்நீர் விட்டால் சட்டையிலேயே வெந்து ஒட்டிக்கொள்ளும். எண்ணெய்க்கு சோப்பு. பேனா மைக்கு ஸ்பிரிட். துருவுக்குப் புளிப்பான ஏதாவது ஒன்று. யாரென்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே மாதிரித் தேய்க்கிறவனுக்குக் கறையும் போகாது, துணியும் மிஞ்சாது.

இந்த வித்தைக்கு விலையாக அவள் கொடுத்தது தன் கைகளை. ஸ்பிரிட்டும் அமிலமும் பட்டுப் பட்டு விரல் நுனியில் ரேகைகள் மழுங்கிவிட்டன. கைபேசியில் விரலை வைத்தால் அது அவளை யாரென்று கேட்கும். "என் சொந்த போனுக்கே நான் அந்நியம்" என்று சிரிப்பாள். ஆனால் மகள் படிப்பு என்று பேச்சு வந்தால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும்.

மகளுக்குப் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. இரண்டு கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. ஒன்று கணக்குப் படிப்பு. கல்லூரி ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் போகிற தூரத்தில், விடுதியில்தான் தங்கவேண்டும். இன்னொன்று ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறவர்களுக்கான படிப்பு. கல்லூரி இதே ஊரில், வீட்டிலிருந்தே போய்வரலாம். வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றை உறுதி செய்தாக வேண்டும், தவறினால் இரண்டும் போய்விடும். பெற்ற மகளைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள எந்தத் தாய்க்குத்தான் ஆசை இருக்காது? ஆனால் கறையக்கா தூரத்துக் கணக்குப் படிப்பைத்தான் பிடித்துக்கொண்டு நின்றாள். மகள் லேப் படிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மருந்து, அமிலம், நாத்தம். என் கையைப் பார்த்துமா உனக்கு அந்த ஆசை?"

"உன் கையைப் பார்த்துத்தான்" என்றாள் மகள். அதற்கு என்ன அர்த்தம் என்று தாய்க்குப் புரியவில்லை. திமிர் என்று எடுத்துக்கொண்டாள்.

மகளைப் பயமுறுத்த அவளிடம் ஒரு கோட்டு இருந்தது. பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வாராவாரம் ஒரு பை வரும். கறையக்காவின் தம்பிதான் கடையின் வேனை ஓட்டுகிறவன். அவன் வாசலில் காவலாளியிடம் வாங்கி, வாசலிலேயே திருப்பிக் கொடுப்பான். அந்தப் பையில் பச்சை நூல் தைத்த கோட்டுதான் படுமோசம். ஊதாச் சொட்டு, ரோஸ் சொட்டு, பழுப்புத் திட்டு, கைப்பக்கம் பொத்தல். அந்த நூலுக்குரிய முகத்தை அவர்கள் பார்த்ததே இல்லை. கறைகளை வைத்து அக்காவும் தம்பியுமாக ஒரு ஆளையே செய்து வைத்திருந்தார்கள்: வயசான மனுஷன், பின்கட்டில் ஜன்னலில்லாத அறை, நாள் முழுக்க மருந்து பாட்டில் கழுவுகிற வேலை, ஏனென்று கேட்க நாதியில்லை.

"பார்த்துக்க, லேப் படிப்பு படிச்சா கடைசியில இந்தக் கிழவர் கதிதான்" என்று கோட்டை விரித்துக் காட்டுவாள்.

"அவருக்குப் பொண்டாட்டி கூட செத்துப்போச்சு" என்று தம்பி சேர்த்துக்கொள்வான்.

"அது எப்படி மாமா உனக்குத் தெரியும்?"

"பட்டன் அறுந்து ஒரு மாசமாச்சு, யாரும் தைக்கலையே."

அந்த வாரம் விடாத மழை. உலர்த்தும் மெஷின் ஓடி ஓடிக் கடை முழுக்க ஈரச் சூடு. சிவப்பு நூல்காரர் தன் சட்டையை வாங்க வந்து, மழைக்காகக் கடையிலேயே ஒதுங்கி உட்கார்ந்துவிட்டார். அவர் ஒரு ஆடிட்டர். டீயும் முட்டை வைத்த ரொட்டியும் கொடுத்து உபசரித்த கறையக்கா, இதுதான் சமயமென்று ஆரம்பித்தாள். மகள் இஸ்திரி மேஜையில் நின்று நீராவி இஸ்திரியால் படுக்கை விரிப்பு தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், நீங்களாவது இவகிட்ட சொல்லுங்க. உங்க வேலை நல்ல வேலைன்னு."

"நல்ல வேலைன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"உங்க சட்டை சொல்லுது. காலர்ல மெல்லிசா ஒரு கோடு, அவ்வளவுதான். இத்தனை வருஷத்துல ஒரு பொட்டு கறை பார்த்ததில்ல. உட்கார்ந்த இடம் கசங்காத வேலை."

ஆடிட்டர் டீயை உறிஞ்சினார். கொஞ்சம் சங்கடமாகச் சிரித்தார். "உண்மையைச் சொல்லிடறேன். தினம் டீயை மேல கொட்டிக்குவேன். குழம்பும் சிந்தும். உங்க கடைக்கு வர்றதுக்கு முன்னாடி என் வீட்டுக்காரி கறையெல்லாம் கசக்கி எடுத்துடுவா. லாண்டரிக்காரங்க பார்த்தா மானம் போயிடும்பா."

தம்பி சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த ரொட்டி வெளியே வந்துவிட்டது. "அக்கா, உன் சாட்சி பொய்ச்சாட்சியால்ல இருக்கு!"

"துவைச்ச துணியைத் துவைக்கவா நான் மெஷின் வாங்கிப் போட்டேன்?" என்று உள்ளிருந்து கடைக்காரர் குரல் கொடுத்தார்.

மகள் மட்டும் சிரிக்காமல் கேட்டாள். "சார், கறையை விடுங்க. வேலையில உங்களுக்கு எது பிடிக்கும்?"

அவர் யோசித்தார். "எல்லாரும் நினைக்கிறாங்க, நாங்க கூட்டல் தப்பைத் தேடறோம்னு. அதெல்லாம் கம்ப்யூட்டரே பார்த்துக்கும். கூட்டல் சரியா இருக்கும்போதுதான் எனக்கு மூக்கு அரிக்கும். ஒரு தடவை ஒரு ரொட்டிக் கம்பெனி. வித்த ரொட்டி, வந்த வரவு, எல்லாம் பொட்டு பிசகாம சரி. நான் மாவு எவ்வளவு வாங்கினாங்கன்னு பார்த்தேன். அவ்வளவு ரொட்டிக்கு அந்த மாவு பத்தாது."

"மாவை வேற எங்கயாவது வாங்கியிருக்கலாம்ல?"

"நானும் அதான் கேட்டேன். இல்லைன்னாங்க. சரி, அடுப்பு எரிக்கிற கேஸ் எவ்வளவு? அதுவும் பத்தல."

"அப்ப ரொட்டியே சுடலையா?"

"காகிதத்துல சுட்ட ரொட்டி! நல்லா ஓடுற கம்பெனின்னு காட்டி யார்கிட்டயோ விக்கப் பார்த்திருக்காங்க."

"சுட்டிருந்தா பொட்டலம் கட்டற காகிதம் வாங்கியிருக்கணுமே, அதைப் பார்த்தீங்களா சார்?"

ஆடிட்டர் டம்ளரைக் கீழே வைத்தார். "அதை நான் பார்க்கலையே" என்றார்.

"ஏய், இஸ்திரியைத் தூக்கு!" என்று கறையக்கா கத்தினாள். விரிப்பின் ஓரம் பழுப்பேறி ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. மகள் பதறித் தூக்கினாள். "பார்த்தியா, கேட்கும்போதே எவ்வளவு நல்லாயிருக்கு? இதைத்தான் படிடீங்கறேன்" என்று தாய் சொன்னதுதான் தாமதம், மகளின் முகம் கடையடைத்த மாதிரி மூடிக்கொண்டது.

"எனக்கு வேணாம். லேப்தான்."

வியாழக்கிழமை காலை மழை விட்டு வெயில் வந்தது. சும்மா கிடைக்கிற வெயிலை விடக்கூடாது என்று வெள்ளைத் துணி அத்தனையும் பின்முற்றத்துக் கொடிக்குப் போயிற்று. அவற்றில் பச்சை நூல் கோட்டும் ஒன்று. அதிசயமாக அந்த வாரம் அதில் புதுக் கறை ஒன்றும் இல்லை. பையிலிருந்து எடுக்கும்போதும் வெள்ளை, மெஷினிலிருந்து எடுக்கும்போதும் வெள்ளை.

"கிழவர் வேலையை விட்டுட்டார்போல" என்றான் தம்பி.

மத்தியானம் துணி எடுக்கப் போன கறையக்கா கொடியடியில் அப்படியே நின்றுவிட்டாள். கோட்டின் நெஞ்சிலும் கைகளிலும் தேமல் மாதிரி பழுப்புப் புள்ளிகள். நிழலுக்குக் கொண்டுவந்து பார்ப்பதற்குள் சில புள்ளிகள் கறுத்தேவிட்டன. சோப்புக்கு அசையவில்லை, ஸ்பிரிட்டுக்கு அசையவில்லை, புளிப்புக்கும் அசையவில்லை.

"துவைக்கும்போது இல்லாத கறை காயும்போது வருமா? என் ஆயுசுல பார்த்ததில்லையே" என்றாள். பக்கத்திலிருந்த துணி ஒன்றிலும் எதுவும் இல்லை. தான்தான் ஏதோ மருந்தை மாற்றி ஊற்றிவிட்டோம் என்று நினைத்தாள்.

கெடுத்த துணியைக் கெடுத்தவர் கையாலேயே கொண்டுபோய்க் கொடுப்பது அந்தக் கடையின் வழக்கம். வேனில் போட்டு அனுப்பிவிட்டு ஒளிந்துகொள்ளும் பேச்சே கிடையாது. கறையக்கா முகம் கழுவி, புடவை மாற்றிக்கொண்டு தம்பியின் வேனில் புறப்பட்டாள். "நானும் வரேன். லேப் எப்படி இருக்கும்னு பார்க்கணும்" என்றாள் மகள். வரட்டும், அந்தக் கிழவர் படுகிற பாட்டைக் கண்ணால் பார்த்தாலாவது புத்தி வரும் என்று தாயும் கூட்டிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியின் பின்பக்கம், நீண்ட நடையின் கோடியில் லேப். ஜன்னல் இருந்தது, பெரிய ஜன்னல். நாலைந்து பேர் மைக்ராஸ்கோப்புகளின் மேல் குனிந்திருந்தார்கள். தனக்குப் பெரிதான யாருடைய கோட்டையோ மாட்டிக்கொண்டு, கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்ட நடுவயதுப் பெண்மணி ஒருத்தி எதிர்ப்பட்டாள்.

"இந்தக் கோட்டு போடுற பெரியவரைப் பார்க்கணும்மா" என்று கறையக்கா காலரைத் திருப்பிப் பச்சை நூலைக் காட்டினாள்.

"எந்தப் பெரியவர்?"

"இங்க பாட்டில் கழுவுறவரு. வீட்டுல யாரும் இல்லாதவரு."

மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்த ஓர் இளைஞனுக்குத் தோள் குலுங்கியது. அந்தப் பெண்மணி கோட்டை வாங்கிப் பார்த்தாள். "பாட்டிலும் கழுவுவேன். வீட்டுல ரெண்டு பசங்க இருக்காங்க, மாமியார் இருக்காங்க. இது என்னோட கோட்டுதான்."

"மேடம்தான் இந்த லேபுக்கே தலைமை" என்றான் இளைஞன், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

கறையக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். கையைப் பிசைந்துகொண்டு, துணி கெட்டது தன் தவறுதான் என்று சொல்லத் தொடங்கினாள். மேடம் கேட்கவேயில்லை, கோட்டை ஜன்னலோரம் பிடித்துப் பார்த்துச் சிரித்தாள். "ஐயோ, இது உங்க தப்பு இல்லைங்க. வெள்ளி! என் மேல சிந்தினது எனக்கே தெரியலை."

"வெள்ளியா? நகை செய்வாங்களே, அதுவா?"

"அதேதான், தண்ணியில கரைச்ச உப்பா. சிந்தும்போது தண்ணி மாதிரி இருக்கும். இருட்டுல அப்படியே கிடக்கும். பையிலேயும் மெஷின்லேயும் இருட்டு, அதான் தெரியலை. வெளிச்சம் பட்டாத்தான் அது மறுபடி வெள்ளியா மாறும். பொடிப் பொடியா இருக்கிறதால பளபளக்காது, கறுப்பாத்தான் தெரியும். நீங்க வெயில்ல போட்டீங்க, அது முகத்தைக் காட்டிடுச்சு."

"இங்க வெள்ளிக்கு என்னங்க வேலை?"

"கறை வைக்கத்தான்."

கறையக்கா அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டாள். "கறை... வைக்கிறீங்களா? வேணும்னேவா?"

மேடம் அவளை மைக்ராஸ்கோப்பின் முன் உட்காரவைத்தாள். யாரோ ஒருவரின் ஈரலிலிருந்து எடுத்த துளிச் சதை. மெழுகில் பதித்து, மயிரிழையை விட மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் துண்டில் ஒட்டியது. "சீவினதும் பார்த்தா ஒண்ணுமே தெரியாது, கண்ணாடியில தண்ணி பட்ட மாதிரிதான். எதெது எங்க இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஊதாச் சாயம் ஒண்ணைப் பிடிக்கும், ரோஸ் இன்னொண்ணைப் பிடிக்கும். ரொம்ப மெல்லிசான நார் ஒண்ணு இருக்கு, அதை வெள்ளிதான் பிடிக்கும். எந்தக் கறை எதைப் பிடிக்கும்னு தெரிஞ்சா போதும், உள்ளே இருக்கிறது தானா வெளிய வந்துடும்."

கறையக்கா கண்ணை வைத்தாள். முதலில் தன் இமைதான் தெரிந்தது. பிறகு மங்கலான வெளிச்சத்தில் கன்னங்கரேலென்று ஒரு வலை. இழை இழையாகப் பிரிந்து, கூடி, வளைந்து போயிற்று. ஒரு மூலையில் அது கிழிந்து கிடந்தது.

"இங்க அறுந்திருக்கே."

"அதைத்தான் நாங்க தேடுறோம்" என்றாள் மேடம் மெதுவாக.

அதற்குப் பிறகு கறையக்கா விடவில்லை. சூடு காட்டினால் சாயம் ஆழமாக இறங்குமா? பிடிக்காத இழையைப் பிடிக்கவைக்க முன்கூட்டியே ஏதாவது ஊட்டுவீர்களா? அதிகமாகிவிட்டால் எதைக் கொண்டு இளக்குவீர்கள்? மேடம் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். கையுறையைக் கழற்றிவிட்டு விரல்களால் மேஜையில் வரைந்து காட்டினாள். அந்த விரல்களில் ஒரு வெடிப்பு இல்லை, ஒரு திட்டு இல்லை. கறையக்கா வலையைப் பார்த்த அதே கண்ணால் அந்தக் கைகளையும் பார்த்தாள்.

மகள் எங்கே என்று அவளுக்கு நினைவு வந்தபோது நேரம் போயிருந்தது. மகள் வெளியே நடையில், திறந்த ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

கோட்டைச் சரிசெய்ய மேடம் இரண்டு பாட்டில் கொடுத்தாள், ஒரு ஜோடி கையுறையும் கொடுத்தாள். எது முதலில், எது பின்னால் என்று சொன்னாள். வேனில் ஏறி உட்கார்ந்ததுமே கறையக்கா ஆரம்பித்துவிட்டாள். "நீ சொன்னதுதான் சரி. லேபையே எடு. என்னமா இருக்கு! நமக்கெல்லாம் தெரியாமலே போச்சே."

"அக்கா, காலையில நீ எதிர்க்கட்சியில இருந்தே" என்றான் தம்பி.

"வாயை மூடிக்கிட்டு ரோட்டைப் பாருடா. வீட்டுலேர்ந்தே போய்வரலாம். அந்தம்மாவே சொல்லித்தருவாங்க. கை பார்த்தியா அவங்களுக்கு? பட்டு மாதிரி!"

மகள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். வீடு வருகிற வரை திரும்பவில்லை.

சாயங்காலம் கடையைச் சாத்தினதும் தாயும் மகளும் கறை மேஜையில் கோட்டை விரித்தார்கள். முதல் பாட்டிலில் அயோடின். கறுப்புப் புள்ளிகளின் மேல் ஊற்றியதும் கோட்டு முழுக்கக் காபி நிறம் பரவியது. கடைக்காரர் எட்டிப் பார்த்துத் தலையிலடித்துக்கொண்டார். "இருந்ததும் போச்சா?"

"சும்மா இருங்க. வெள்ளி கெட்டி ஆளு, நேரா கூப்பிட்டா வராது. அயோடின் போய் அதோட சேர்ந்து ஜோடி போட்டுக்கும். அந்த ஜோடியைத்தான் அடுத்த மருந்து கரைக்குமாம்." அவள் இரண்டாவது பாட்டிலைச் சாய்த்தாள். காபி நிறம் கண்ணெதிரே வெளுத்தது. அதற்கடியில் கறுப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றாகச் சாம்பலாகி, தேடினாலும் கிடைக்காமல் போயின. கறையக்கா குழந்தை மாதிரி கையைத் தட்டினாள்.

"எனக்கு அந்தப் படிப்பு வேணாம்மா" என்றாள் மகள்.

தட்டிய கை அப்படியே நின்றது. "என்னடி சொல்றே?"

"அந்த வாடை எனக்கு ஆகலை. அதுகூடப் பழகிடும். ஆனா நீ உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருந்தே, எனக்கு எப்படா வெளிய போவோம்னு இருந்துச்சு. யாரோட ஈரலோ, அவங்களுக்கு என்ன ஆச்சோன்னுதான் தோணிச்சே தவிர, அந்த வலை எனக்கு அழகாத் தெரியலை. உனக்குத் தெரிஞ்சுது."

"ஒரு மாசமா லேப் லேப்னு உயிரை எடுத்தியே!"

"உன் கையைப் பார்த்துத்தான்னு சொன்னேனே. கை இப்படிப் போயும் ஒரு கறை போச்சுன்னா உன் முகம் மலருது. அப்படி ஒரு வேலைன்னா எனக்கும் அது வரும்னு நினைச்சேன்." அவள் மேஜை ஓரத்தைச் சுரண்டினாள். "இன்னொண்ணும் இருக்கு. நீ கணக்கு கணக்குன்னு தள்ளினே. தள்ளத் தள்ள எனக்கு வீம்பு. ஆடிட்டர் சார் அந்த மாவுக் கதை சொன்ன ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை. பொட்டலக் காகிதத்தை அவர் பார்த்திருந்தா இன்னும் சீக்கிரம் பிடிச்சிருப்பார்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். ஆனா காலையில உன்கிட்ட சொன்னா, 'நான் அப்பவே சொல்லலை?'ன்னு சொல்லுவே. அதுக்காகவே வேணாம்னேன்."

கறையக்காவுக்கு முதலில் வந்தது கோபம்தான். "நான் வேணாம்னா வேணும், வேணும்னா வேணாம். என்னை என்ன பொம்மைன்னு நினைச்சியா? அந்தம்மாகிட்ட என் பொண்ணைச் சேர்க்கிறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றாள்.

"யாரைக் கேட்டுச் சொன்னே?"

கடைக்காரர் மெஷின் பக்கத்திலிருந்து, "நியாயமான கேள்வி" என்றார். மனைவி பார்த்த பார்வையில் மறுபடி மெஷினுக்குப் பின்னால் போய்விட்டார்.

அவள் அடுத்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். சொல்ல வந்தது, அதே பழைய தள்ளல்தான், திசைதான் மாறியிருக்கிறது என்று அவளுக்கே காதில் விழுந்தது. மூடிக்கொண்டாள். காலையில் தன் வாயால் கேட்டு வாங்க நினைத்தது இப்போது தானாக வந்து மடியில் விழுந்திருக்கிறது. அது மகளை ஒரு பகல் தூரம் கொண்டுபோய்விடும்.

"கணக்குன்னா விடுதி" என்றாள்.

"ஆமாம்."

"தூரம்."

"நீதானேம்மா அனுப்பறதா இருந்தே."

"இருந்தேன். அப்ப நீ போகமாட்டேன்னு ஒரு தைரியம் இருந்துச்சு."

மகள் சிரித்துவிட்டாள். சிரிப்போடு கண்ணும் நிறைந்தது. கறையக்கா கையுறையைக் கழற்றிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "நாளை வரைக்கும் வைக்காதே. இப்பவே போட்டுடு. விடிஞ்சா நான் மறுபடி மனசு மாறினாலும் மாறிடுவேன்."

மகள் கைபேசியை எடுத்துக் கணக்குப் படிப்பை உறுதி செய்தாள். ஒரு சின்ன ஒலி வந்தது, அவ்வளவுதான். இத்தனை நாள் சண்டைக்கு இவ்வளவு சின்ன முடிவா என்று தாய் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கோட்டை எடுத்து, நல்ல தண்ணீரில் முக்கி அலசினாள்.

"அடுத்த வாரம் வேற ஏதோ சிவப்புக் கறை வைக்கிறாங்களாம். அந்தம்மா வந்து பாருங்கன்னாங்க."

"போகப்போறியா?"

"ஏன், உனக்கு மட்டும்தான் புதுசா ஒண்ணு தெரிஞ்சுக்கணுமா? பிடி அந்தப் பக்கம்."

மகள் கோட்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். ஒருத்தி இடப்பக்கம் முறுக்க, மற்றவள் வலப்பக்கம் முறுக்க, நடுவிலிருந்து தண்ணீர் தெளிவாக வடிந்தது.